மதிப்பெண் பட்டியலை மேசைமேல் வை

கலிபோர்னியாவில் வளரும் நம் பிள்ளைகள் இரண்டு கேள்விகளுக்கு அஞ்சுகிறார்கள். "எந்த காலேஜ்?" என்பது முதல் கேள்வி. "ஜிபிஏ எவ்வளவு?" என்பது அடுத்தது. லிவர்மோர் கோயிலில் பிரசாதத் தட்டோடு உட்கார்ந்திருக்கும்போது கேட்கிறார்கள். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் கேட்கிறார்கள். யார் வீட்டுப் பிறந்தநாளுக்குப் போனாலும் கேட்கிறார்கள். பெர்க்லி, டேவிஸ் என்று சொல்லக்கூடிய பிள்ளை நிமிர்ந்து சொல்கிறது. ஓலோனி, ஷபோ, டி ஆன்சா, மிஷன் என்று ஏதாவது ஒரு கம்யூனிட்டி காலேஜின் பெயரைச் சொல்ல வேண்டிய பிள்ளை குரலைத் தாழ்த்திக்கொள்கிறது. அங்கேயும் ஜிபிஏ 2.3, 2.5 என்று நின்றுவிட்டால், அந்தப் பிள்ளை விருந்துக்கு வருவதையே நிறுத்திவிடுகிறது.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு ஃப்ரீமான்ட் பக்கத்தில் கம்யூனிட்டி காலேஜ் மாணவர்களுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கால்குலஸ் கேட்டு வருவார்கள், ஸ்டாட்டிஸ்டிக்ஸ் கேட்டு வருவார்கள். கொஞ்சம் பழகியதும் பேச்சு டிரான்ஸ்ஃபரில் வந்து நிற்கும். "அங்கிள், இந்த கிரேடு வச்சிக்கிட்டு எந்த யுனிவர்சிட்டி எடுத்துக்கும்?" இந்தக் கேள்வியோடு வருகிற உனக்காகத்தான் இதை எழுதுகிறேன். நான் சொல்லப்போவது பெரிதாக ஒன்றே ஒன்று. 'சி' கிரேடு வாங்கியதால் வழி அடைபட்டுப் போனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை மறைத்து வைத்த மாதங்களில்தான் பலருக்கு வழி அடைபட்டது.

ஒரு பையனைச் சொல்கிறேன். இரண்டாவது செமஸ்டரில் கால்குலஸ் புரியவில்லை. முதல் தேர்வில் பாதிக்கும் கீழே. வீட்டில் சொல்லக் கூச்சம். காலையில் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவான், வகுப்புக்குப் போகாமல் நூலகத்தில் உட்கார்ந்திருப்பான், சாயங்காலம் வீடு திரும்புவான். செமஸ்டரின் நடுவில் ஒரு நாள் வரைக்கும் பாடத்தை விட்டு விலகலாம். விலகினால் பட்டியலில் 'டபிள்யூ' என்று பதிவாகும், ஜிபிஏவைத் தொடாது. அந்தக் கடைசி நாள் எது என்று அவன் பார்க்கவே இல்லை. பார்த்தால் உண்மையைப் பார்க்க வேண்டியிருக்கும் என்ற பயம். டபிள்யூவாக முடிந்திருக்க வேண்டியது எஃப் ஆனது. அவனுக்குக் கணக்கு வராது என்று எவரும் சொல்ல முடியாது. பிற்பாடு அதே பாடத்தில் பி வாங்கினான். அந்த எஃப்பை அவனுக்கு வாங்கிக் கொடுத்தது வெட்கம்.

இந்த வெட்கத்துக்கு உண்மையில் அடிப்படை ஏதாவது இருக்கிறதா? கம்யூனிட்டி காலேஜ் என்பது பின்வாசல் என்று நம்மவர்கள் நினைக்கிறார்கள். 1960-இல் கலிபோர்னியா தன் உயர்கல்விக்கு ஒரு பெருந்திட்டம் வகுத்தது. அதை முன்னின்று வகுத்தவர் அன்று கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் (யூசி) தலைவராக இருந்த கிளார்க் கெர். உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களில் முதல் எட்டில் ஒரு பங்கு யூசிக்கு, முதல் மூன்றில் ஒரு பங்கு கலிபோர்னியா ஸ்டேட் கல்லூரிகளுக்கு, மற்ற எல்லோருக்கும் கம்யூனிட்டி காலேஜ். அங்கே இரண்டு ஆண்டு படித்துத் தேறியவர்கள் மூன்றாம் ஆண்டில் யூசிக்கோ ஸ்டேட்டுக்கோ வந்து சேரலாம். பதினெட்டு வயதில் ஒருவனுடைய தகுதி முடிவாகிவிடக்கூடாது என்பதற்காக, யோசித்து, சட்டமாக்கித் திறந்த வழி இது. இன்று மாநிலத்தில் 116 கம்யூனிட்டி காலேஜ்கள் இருக்கின்றன. முதலாண்டில் நேரடியாகச் சேரும் இருவருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர்களைச் சேர்ப்பதை யூசி குறிக்கோளாக வைத்திருக்கிறது. அப்படி வருபவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தக் கல்லூரிகளிலிருந்து வருபவர்கள்தான்.

நம் பக்கத்து ஊர்க்காரர்கள் இருவரைச் சொல்கிறேன். கிரெய்க் வென்டர் மில்ப்ரேயில் வளர்ந்தவர், பள்ளிக்கூடத்தில் சுமாருக்கும் கீழான மாணவர். வியட்நாம் போர்க்காலத்தில் கடற்படை மருத்துவப் பிரிவில் இருந்துவிட்டு வந்து காலேஜ் ஆஃப் சான் மேட்டியோவில் சேர்ந்தார். அங்கிருந்து யூசி சான் டியேகோவுக்கு டிரான்ஸ்ஃபர். 1972-இல் இளங்கலை, 1975-இல் முனைவர் பட்டம். மனித மரபணுத் தொகுதியின் முதல் வரைவை 2000-ஆம் ஆண்டு ஜூனில் வெள்ளை மாளிகையில் அறிவித்தபோது அதிபர் கிளின்டனோடு நின்ற விஞ்ஞானிகளில் அவர் ஒருவர். இன்னொருவர் நடிகர் டாம் ஹாங்க்ஸ். ஹேவர்டில் இருக்கும் ஷபோ காலேஜில் படித்து, சாக்ரமென்டோ ஸ்டேட்டுக்கு டிரான்ஸ்ஃபர் ஆனவர். பள்ளியில் தான் சரியாகப் படிக்கவில்லை என்பதையும், தன் வாழ்க்கைக்காக ஷபோவுக்குத் தான் பட்ட கடனையும் 2015-இல் நியூயார்க் டைம்ஸில் வெளிப்படையாக எழுதினார். எல்லோரும் வென்டர் ஆகிவிட முடியாது. ஆனால் நீ கூச்சப்பட்டுச் சொல்லும் கல்லூரிப் பெயரை அவர்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

சரி, மதிப்பெண்ணுக்கு வருவோம். டிரான்ஸ்கிரிப்டை எடுத்து மேசைமேல் வை. கூடவே ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்.

ஏ என்றால் 4, பி 3, சி 2, டி 1, எஃப் 0. ஒவ்வொரு பாடத்தின் புள்ளியையும் அதன் யூனிட்டால் பெருக்கிக் கூட்டி, மொத்த யூனிட்டால் வகுத்தால் ஜிபிஏ. முதல் ஆண்டில் நீ 30 யூனிட் எடுத்தாய் என்று வை. 19 யூனிட்டில் பி, 4 யூனிட்டில் சி, 4 யூனிட் கால்குலஸில் டி, 3 யூனிட் பாடம் ஒன்றில் எஃப். மொத்தம் 69 புள்ளி. 30-ஆல் வகுத்தால் 2.3. இந்த 2.3-ஐப் பார்த்துத்தான் நீ இரவில் தூங்காமல் கிடக்கிறாய். இப்போது டி வாங்கியதையும் எஃப் வாங்கியதையும் மட்டும் மறுபடி படித்து இரண்டிலும் பி வாங்கு. கம்யூனிட்டி காலேஜ் கணக்கில் பழைய கிரேடு பட்டியலில் தெரிந்துகொண்டே இருக்கும், ஆனால் புதிய கிரேடுதான் ஜிபிஏவில் சேரும். 69 என்பது 86 ஆகும். 86-ஐ 30-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2.87. அடுத்த 30 யூனிட்டை 3.3 சராசரியில் முடித்தால் மொத்தம் 3.08. அந்த இரண்டு பாடங்களை மறுபடி படிக்காமல், அடுத்த 30 யூனிட்டில் அதே 3.3 வாங்கினால் 2.8-இல்தான் நிற்பாய். ஏழு யூனிட் செய்கிற வேலை இது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. தெரியாமல் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். டியையும் எஃப்பையும் மறுபடி படிக்கலாம். சி வாங்கிய பாடத்தைக் கிரேடை உயர்த்துவதற்காக மறுபடி எடுக்க முடியாது. யூசியும் அதை ஏற்காது. அதற்காக, சி வரும் என்று தெரிந்தால் வேண்டுமென்றே தேர்வில் கோட்டைவிடு என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் செய்த பிள்ளைகள் உண்டு, அது தவறு. செமஸ்டரின் நடுவிலேயே ஆசிரியரிடம் போய், "நான் இப்போது எங்கே நிற்கிறேன்?" என்று கேள். விலகுவதா தொடர்வதா என்பதை அந்தக் கடைசி நாளுக்கு முன்னால் முடிவு செய். ஒரே பாடத்துக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புதான், டபிள்யூவும் அதில் ஒன்றாக எண்ணப்படும் என்பதையும் நினைவில் வை.

உடம்பு சரியில்லாமல் போனது, வீட்டில் ஒரு சாவு, வேலை இழப்பு என்று உன் கையில் இல்லாத காரணத்தால் ஒரு செமஸ்டர் பாழாகியிருந்தால், ஆதாரத்தோடு விண்ணப்பித்து 'இ.டபிள்யூ' என்ற விலக்குக் கேட்கலாம். அது அந்த மூன்று வாய்ப்புகளில் ஒன்றாக எண்ணப்படாது. பல ஆண்டுகளுக்கு முன்னால் மோசமாகப் படித்து, இப்போது நன்றாகப் படிக்கிறவர்களுக்கு 'அகடமிக் ரினியுவல்' என்று ஒரு வழி இருக்கிறது. பழைய மோசமான கிரேடுகளை ஜிபிஏ கணக்கிலிருந்து ஒதுக்கி வைப்பார்கள். விதிகள் கல்லூரிக்குக் கல்லூரி மாறும். இதெல்லாம் கவுன்சலருக்குத் தெரியும். நீ போய்க் கேட்டால்தான் சொல்வார். தனியார் பல்கலைக்கழகங்களும் வேறு மாநிலத்துப் பல்கலைக்கழகங்களும் மறுபடி படித்த பாடத்தின் இரண்டு கிரேடையும் சேர்த்துக் கணக்கிடலாம் என்பதால், அங்கே விண்ணப்பிப்பதானால் அவர்கள் விதியைத் தனியாகப் பார்த்துக்கொள்.

எந்தக் கதவு உனக்குத் திறந்திருக்கிறது? கலிபோர்னியாவாசிக்கு யூசி கேட்கும் குறைந்தபட்ச டிரான்ஸ்ஃபர் ஜிபிஏ 2.4. கலிபோர்னியா ஸ்டேட் கேட்பது 2.0. கலிபோர்னியாவாசி அல்லாத மாணவர்களுக்கு இவை 2.8, 2.4 என்று உயரும். எல்லோரும் இந்த எண்களைக் கேட்டுத் திகைக்கிறார்கள், இவ்வளவு குறைவா என்று. குறைந்தபட்சம் என்பது விண்ணப்பம் கையில் எடுக்கப்படுவதற்கான அளவு. இடம் கிடைப்பதற்கான அளவு வேறு. பெர்க்லியிலும் லாஸ் ஏஞ்சலஸிலும் இடம் கிடைத்தவர்களில் பெரும்பாலோர் 3.5-க்கு மேல். கம்ப்யூட்டர் சயன்ஸ் என்றால் அதுவும் போதாது. இந்த இரண்டு உண்மைகளையும் ஒரே நேரத்தில் மனத்தில் வைத்துக்கொள்ளப் பழகு. நம் பிள்ளைகளில் ஒரு சாரார் பெர்க்லி கிடைக்காது என்று தெரிந்ததும் எங்குமே விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். இன்னொரு சாரார் 2.9-ஐ வைத்துக்கொண்டு பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியேகோ மூன்றுக்கும் மட்டும் போடுகிறார்கள். இரண்டுமே உண்மையை மறைத்துக்கொள்வதுதான், தன்னிடமிருந்தே.

டேவிஸ், அர்வைன், மெர்செட், ரிவர்சைட், சான்டா பார்பரா, சான்டா குரூஸ் ஆகிய ஆறு யூசி வளாகங்கள் 'டேக்' என்ற உறுதிமொழி தருகின்றன. சொன்ன பாடங்களைச் சொன்ன ஜிபிஏவில் முடித்தால் இடம் உறுதி. அர்வைனும் சான்டா பார்பராவும் அதிகம் கேட்கும். மெர்செட், ரிவர்சைட் அதைவிடக் குறைவாகக் கேட்கும். எல்லாப் பாடப்பிரிவுகளுக்கும் இந்த உறுதிமொழி கிடையாது, ஒரே ஒரு வளாகத்துக்குத்தான் போட முடியும். ஸ்டேட் பக்கம், 2010-இல் வந்த சட்டத்தால் 'டிரான்ஸ்ஃபருக்கான அசோசியேட் பட்டம்' என்று ஒன்று இருக்கிறது. 60 யூனிட்டையும் 2.0-க்குக் குறையாத ஜிபிஏவையும் வைத்து அந்தப் பட்டத்தை முடித்தால், ஸ்டேட் வளாகங்களில் ஏதாவது ஒன்றில் மூன்றாம் ஆண்டு இடம் உறுதி. நீ ஆசைப்படும் வளாகமாக அது இல்லாமல் போகலாம். சான் ஹோசே ஸ்டேட்டில் பல பிரிவுகளுக்கு நெருக்கடி அதிகம். ஹேவர்டில் இருக்கும் ஈஸ்ட் பேயோ, சிக்கோவோ உனக்குக் கிடைக்கலாம். அங்கே படித்துவிட்டு இந்தப் பகுதியில் நல்ல வேலையில் இருப்பவர்கள் நிறையப் பேர். வேலை கொடுப்பவர் இரண்டாவது வேலையிலிருந்து உன் கல்லூரிப் பெயரைக் கேட்பதே குறைந்துவிடுகிறது.

உன் கல்லூரியில் எந்தப் பாடம், எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பாடத்துக்கு ஈடு என்பதை 'அசிஸ்ட்' என்ற மாநில இணையதளம் சொல்கிறது. செமஸ்டருக்கு ஒரு முறையாவது அதைப் பார். ஜிபிஏ சுமாராக இருக்கும்போது, மேஜருக்கு வேண்டிய முன்பாடங்களையும் முடிக்காமல் போனால் உன் விண்ணப்பத்தை ஆதரிக்க ஒன்றுமே இருக்காது. பொதுப்பாடங்களில் ஏ வாங்கி ஜிபிஏவைத் தூக்கிவிட்டு, கால்குலஸையும் பிசிக்ஸையும் தள்ளிக்கொண்டே போகும் பிள்ளைகளைப் பார்க்கிறேன். பொறியியல் துறைக்காரர்கள் முதலில் பார்ப்பது அந்த இரண்டையும்தான்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்பும் இடம். கம்யூனிட்டி காலேஜில் மூன்றாவது ஆண்டு எடுத்துக்கொள்.

கணக்கைப் பார். இலையுதிர் காலத்தில் யூசிக்குப் போக வேண்டுமானால், அதற்கு முந்தைய அக்டோபர், நவம்பரில் விண்ணப்பிக்கிறாய். இரண்டே ஆண்டில் போவதானால் அப்போது உன் கையில் இருப்பது முதல் ஆண்டின் கிரேடும், கோடையில் ஏதாவது எடுத்திருந்தால் அதுவும்தான். ஜனவரியில் மூன்றாவது செமஸ்டரின் கிரேடைச் சேர்த்துக் கொடுப்பாய். அவ்வளவுதான் அவர்கள் பார்ப்பது. முதல் ஆண்டு தடுமாறியவனுக்கு, தான் நிமிர்ந்ததைக் காட்ட ஒரே ஒரு செமஸ்டர்தான் கிடைக்கிறது. ஓர் ஆண்டு கூட இருந்தால், தொடர்ந்து பி, ஏ என்று மூன்று செமஸ்டர் காட்டலாம். விண்ணப்பத்தைப் படிப்பவர்கள் மொத்த எண்ணை மட்டும் பார்ப்பதில்லை, கிரேடுகள் போகும் திசையையும் பார்க்கிறார்கள். கம்யூனிட்டி காலேஜில் ஒரு யூனிட்டுக்கு 46 டாலர். 12 யூனிட் எடுத்தால் செமஸ்டருக்கு 552. வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு அதுவும் தள்ளுபடி. யூசியில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 14,000 டாலருக்கு மேல். கூடுதலாக ஓர் ஆண்டு இருப்பதால் பணம் பெரிதாகப் போவதில்லை. தடுப்பது பணம் இல்லை, "உன்கூடப் படிச்சவன் எல்லாம் முடிச்சிட்டான்" என்ற பேச்சுதான்.

வாரத்துக்கு முப்பது மணி நேரம் கடையில் நின்றுகொண்டு 15 யூனிட் எடுப்பவர்களுக்கும் இதையேதான் சொல்வேன். யூனிட்டைக் குறை, கிரேடைக் காப்பாற்று. எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு 12 யூனிட் கட்டாயம், அவர்களுக்கு இந்த வசதி இல்லை. அவர்கள் பாடங்களைக் கலந்து எடுப்பதில் கவனம் வைக்க வேண்டும். கடினமான அறிவியல் பாடங்களை ஒரே செமஸ்டரில் மூன்று எடுக்காதே.

விண்ணப்பம் எழுதும்போது மறுபடி அந்த வெட்கம் வந்து உட்காரும். முன்பு எங்கோ ஒரு கல்லூரியில் ஒரு பாடம் எடுத்து எஃப் வாங்கியிருப்பாய். அதை விட்டுவிடலாமா என்று தோன்றும். விடாதே. படித்த எல்லாக் கல்லூரியையும், வாங்கிய எல்லாக் கிரேடையும் எழுத வேண்டும். பிறகு டிரான்ஸ்கிரிப்டுகளை வரவழைத்துச் சரிபார்ப்பார்கள். மறைத்தது தெரிந்தால் கொடுத்த இடத்தையே ரத்து செய்வார்கள். யூசி விண்ணப்பத்தில் டிரான்ஸ்ஃபர் மாணவர் நான்கு கேள்விகளுக்கு ஒவ்வொன்றுக்கும் 350 சொல்லுக்குள் பதில் எழுத வேண்டும். அதில் ஒன்று, உன் மேஜருக்கு எப்படித் தயாரானாய் என்பது. அது எல்லோருக்கும் கட்டாயம். கூடுதலாகச் சொல்ல வேண்டியதற்குத் தனி இடமும் உண்டு. அங்கே நடந்ததைச் சொல். "2.3 வாங்கிய ஆண்டில் அப்பாவுக்கு வேலை போயிற்று, நான் இரவு ஷிஃப்ட் எடுத்தேன். மறு ஆண்டு வேலையைக் குறைத்தேன், இந்தப் பாடங்களை மறுபடி படித்தேன், இந்தக் கிரேடு வாங்கினேன்." இவ்வளவு போதும். பெரிய காரணம் இல்லை, படிக்கத் தெரியவில்லை என்றால் அதையும் சொல்லலாம்; எப்படிக் கற்றுக்கொண்டாய் என்பதையும் சேர்த்துச் சொல். அழுது எழுதாதே, பிறர்மேல் பழி போடாதே.

பெற்றோருக்கும் ஒரு சொல். உங்கள் காலத்தில் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணும் நுழைவுத் தேர்வும் எல்லாவற்றையும் முடிவு செய்தன. ஒரு மதிப்பெண்ணில் மருத்துவ இடம் தவறியவரை நீங்கள் நேரில் பார்த்திருப்பீர்கள். அந்தப் பயத்தை இங்கே கொண்டுவந்து பிள்ளையின் தலையில் ஏற்றாதீர்கள். இந்த ஊரில் வழி இரண்டாம் முறையும் திறக்கும், மூன்றாம் முறையும் திறக்கும். பிள்ளை 2.3 என்று சொல்லும் நாளில் நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி, "எந்தெந்தப் பாடம்?" என்பது. அதைக் கேட்டால் பிள்ளை தாளை எடுத்துக் காட்டும். "நாலு பேர் என்ன சொல்வாங்க?" என்று கேட்டால் அடுத்த முறை உங்களிடம் எண்ணே வராது. அந்த நாலு பேர் உங்கள் பிள்ளையின் கல்விக் கட்டணத்தைக் கட்டப்போவதில்லை. நீங்கள் கட்டுகிறீர்கள் என்பதற்காக டிரான்ஸ்கிரிப்டைக் கல்லூரி உங்களுக்கு நேரடியாகத் தராது. 18 வயது ஆனாலோ, கல்லூரியில் சேர்ந்தாலோ அந்த உரிமை மாணவனுடையது. பிள்ளை தானாகக் காட்டினால்தான் உண்டு. காட்டும்படி வீட்டை வைத்திருங்கள்.

டிரான்ஸ்ஃபர் ஆன பிறகு என்ன என்று சிலர் பயப்படுகிறார்கள். முதல் பருவத்தில் கிரேடு கொஞ்சம் இறங்குவது பலருக்கும் நடப்பது. பெர்க்லி, மெர்செட் தவிர மற்ற யூசி வளாகங்களில் பத்து வார குவார்ட்டர். மூன்றாவது வாரமே தேர்வு வந்து நிற்கும். அதைத் தெரிந்துகொண்டு ஆசிரியர் மாணவர்களைச் சந்திக்கும் நேரத்தில் முதல் வாரமே போய்ப் பார். யூசியில் உன் ஜிபிஏ அங்கே எடுக்கும் பாடங்களை வைத்துப் புதிதாகத் தொடங்குகிறது; பழைய 2.3 அங்கே கணக்கில் சேராது. நீ உள்ளே வந்த பிறகு, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் முதலாண்டிலேயே வந்தவனா, டிரான்ஸ்ஃபரில் வந்தவனா என்று பேராசிரியருக்குத் தெரியாது. பட்டத்திலும் அது எழுதப்படுவதில்லை.

டேக் விண்ணப்பம் செப்டம்பர் 1 முதல் 30 வரை. யூசி, ஸ்டேட் விண்ணப்பங்களை அக்டோபரில் தொடங்கி நவம்பர் முடிவதற்குள் கொடுத்துவிடு. செப்டம்பரில் கவுன்சலர்களிடம் நேரம் கிடைப்பது அரிது. அதனால் ஆகஸ்டிலேயே அப்பாயின்ட்மென்ட் வாங்கு. போகும்போது டிரான்ஸ்கிரிப்டின் எல்லாப் பக்கங்களையும் எடுத்துக்கொண்டு போ, எஃப் இருக்கும் பக்கத்தையும் சேர்த்து.